கம்பம் பள்ளத்தாக்கில் பூக்கோசு பயிரிடல்

கம்பம் பள்ளத்தாக்கில் பூக்கோசு பயிரிடல் என்பது தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் வருசநாட்டு, மேகமலை மலைகளுக்கும் இடைப்பட்ட சமவெளியில், புரட்டாசி முதல் தை வரையான குளிர்ந்த மாதங்களில் நடைபெறும் காய்கறிச் சாகுபடியைக் குறிக்கும். பூக்கோசு அல்லது காலிஃபிளவர் குளிர்நாட்டுப் பயிராகும். தமிழ்நாட்டில் இது முதலில் நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளுக்கு உரிய பயிராகவே இருந்தது. வெப்பத்தைத் தாங்கிப் பூக்கட்டும் இந்திய வகைகளும், அவற்றிலிருந்து உருவான வீரிய ஒட்டு வகைகளும் பரவிய பின்னரே ஓசூர், தாளவாடி, ஒட்டன்சத்திரம், தேனி போன்ற மலையடிவார, சமவெளிப் பகுதிகளிலும் பயிரிடப்பட்டது.

இப்பள்ளத்தாக்கில் பூக்கோசுக்கு ஏற்ற காலம் ஏறத்தாழ நான்கு மாதங்களே ஆகும். அக்காலத்திற்குப் பொருந்தாத வகையை நட்டால் செடி நன்றாக வளர்ந்தும் பூ கிடைப்பதில்லை. எனவே இச்சாகுபடியில் வகைத் தேர்வும் நடவு நாளும் உரத்தையும் மருந்தையும் விட முதன்மையானவையாகக் கருதப்படுகின்றன.

பெயரும் தாவரவியலும்

பூக்கோசின் தாவரவியல் பெயர் பிராசிக்கா ஒலரேசியா வகை போட்ரிடிசு என்பதாகும். இது கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்தது. முட்டைக்கோசு, நூல்கோல், புரோக்கோலி ஆகியவையும் இதே சிற்றினத்தின் வெவ்வேறு வகைகளே. முட்டைக்கோசில் இலைமொட்டும், நூல்கோலில் தண்டும், பூக்கோசில் பூங்கொத்தின் இளநிலையும் பருத்து உணவாகின்றன. இச்சிற்றினத்தின் நிறப்புரி எண்ணிக்கை 18 ஆகும். தமிழ்நாட்டில் காலிஃபிளவர், பூக்கோசு என்ற இரு பெயர்களும் வழங்குகின்றன. இலங்கைத் தமிழில் முட்டைக்கோசு கோவா எனப்படுகிறது.

நாம் 'பூ' என்று உண்பது உண்மையில் மலர் அன்று. அது மலராக மாற வேண்டிய வளர்நுனிகள் மலராமலே மீண்டும் மீண்டும் கிளைத்துத் திரண்ட சதைப்பற்றான தொகுதியாகும். ஒவ்வொரு சிறு துண்டும் முழுப் பூவின் வடிவத்தையே ஒத்திருப்பதை வெட்டிப் பார்த்தால் காணலாம். மலராக வேண்டும் என்ற கட்டளையைப் பெற்ற வளர்நுனி, அதனை முடிக்க இயலாமல் புதிய தண்டு நுனிகளையே உருவாக்குவதால் இவ்வடிவம் தோன்றுகிறது என்பதை 2021ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் மரபணு ஆய்வின் மூலமும் கணித மாதிரியின் மூலமும் விளக்கினர். அறுவடை செய்யாமல் விட்டால் இத்தொகுதி நீண்டு பிரிந்து, கடுகுப் பூவைப் போன்ற மஞ்சள் நிற மலர்களைத் தரும்.

வரலாறு

பூக்கோசு நடுநிலக்கடற் பகுதியில் தோன்றியது. அங்கிருந்து இத்தாலி, பிரான்சு, இங்கிலாந்து ஆகிய நாடுகளுக்குப் பரவியது. இந்தியாவிற்கு இது 1822ஆம் ஆண்டில் வந்தது. அவ்வாண்டில் சகாரன்பூரில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனித் தோட்டத்தின் பொறுப்பாளரான மருத்துவர் ஜெம்சன், இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து விதைகளை வரவழைத்து வட இந்தியாவில் பயிரிட்டுப் பார்த்தார்.

அடுத்த நூறாண்டுகளில் வட இந்திய உழவர்கள், வெப்பத்திலும் மழையிலும் தாங்கி நின்று பூக்கட்டிய செடிகளிலிருந்து மீண்டும் மீண்டும் விதை எடுத்து வந்தனர். இவ்வாறு உருவானவையே இந்தியப் பூக்கோசுகள். இவை குளிர்காலம் முழுமையாக வருவதற்கு முன்பே பூக்கட்டுகின்றன. சமவெளியிலேயே விதையும் தருகின்றன. ஐரோப்பிய வகைகளில் இவ்விரு பண்புகளும் இல்லை. பின்னர் புது தில்லியில் உள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனம் இவற்றிலிருந்து பூசா தீபாளி, பூசா கட்கி, பூசா மேக்னா போன்ற வகைகளைத் தேர்ந்து வெளியிட்டது. தெற்கே கம்பம் பள்ளத்தாக்கு போன்ற இடங்களில் பூக்கோசு விளைவது இத்தேர்வின் பயனே ஆகும்.

உலகப் பூக்கோசு, புரோக்கோலி உற்பத்தியில் பெரும்பகுதியைச் சீனாவும் இந்தியாவும் தருகின்றன. இந்தியாவில் மேற்கு வங்காளம் முன்னணியில் உள்ளது. பீகார், மத்தியப் பிரதேசம், குசராத்து, அரியானா ஆகியவையும் மிகுதியாக விளைவிக்கின்றன. இவற்றோடு ஒப்பிடத் தமிழ்நாட்டின் பங்கு சிறியதாகும்.

நிலமும் நீரும்

தேனி மாவட்டம் 1996ஆம் ஆண்டில் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. இதன் தென்மேற்குப் பகுதியில் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் ஆகிய ஊர்களைக் கொண்டு கம்பம் பள்ளத்தாக்கு அமைந்துள்ளது. 1895ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட முல்லைப்பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பப்பட்டு இப்பள்ளத்தாக்கில் பாய்ந்து வைகையைச் சேர்கிறது. சுருளியாறும் இப்பகுதிக்கு நீர் தருகிறது.

பள்ளத்தாக்கின் ஆற்றுப் பாசன நிலங்களில் 14,707 ஏக்கரில் இருபோக நெல் பயிரிடப்படுவது வழக்கம். நெல் வயல்களில் நீர் தேங்குவதால் அவை பூக்கோசுக்கு ஏற்றவை அல்ல. திராட்சை, வாழை, தென்னை, தக்காளி, பீட்ரூட், முட்டைக்கோசு ஆகியவை விளையும் மேட்டுப்பாங்கான கிணற்றுப் பாசனத் தோட்டங்களிலேயே பூக்கோசும் நடப்படுகிறது. பெரியாற்று நீர் 18ஆம் கால்வாய் வழியே கண்மாய்களை நிரப்பும் ஆண்டுகளில் சுற்றுப்புறக் கிணறுகளின் நீர்மட்டம் உயர்கிறது. எனவே கால்வாயிலிருந்து நேரடியாக நீர் பெறாத தோட்டங்களும் அணையின் நீரிருப்பைச் சார்ந்தே உள்ளன.

நீர் நன்கு வடியும் செம்மண், வண்டல் கலந்த இருமண் ஆகியன பூக்கோசுக்கு ஏற்றவை. மண்ணின் கார அமில நிலை 5.5 முதல் 7 வரை இருப்பது நல்லது.

பருவம்

ஐரோப்பிய நாடுகளில் பூக்கோசு இலையுதிர்காலத் தோட்டப் பயிராக அறியப்படுகிறது. அங்கு கோடையின் தொடக்கத்தில் விதைத்து, வெயில் தணிந்தபின் அறுவடை செய்வர். தமிழர் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளில் அக்காலத்தோடு ஒப்பிடத்தக்கது கூதிர் ஆகும். ஐப்பசி, கார்த்திகை ஆகிய இரு மாதங்களும் கூதிர் காலமாகும். மார்கழியும் தையும் முன்பனிக் காலம். கம்பம் பள்ளத்தாக்கில் பூக்கோசு கூதிரில் வளர்ந்து, கூதிரின் முடிவிலும் முன்பனியிலும் பூக்கட்டுகிறது.

ஆடி மாதத்தில் மலைக் கணவாய்கள் வழியே பள்ளத்தாக்கில் பலத்த காற்று வீசும். இக்காற்று ஈரத்தை உறிஞ்சி இளநாற்றுகளை வாட்டும். ஆவணிக்குப் பின் காற்று தணிகிறது. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கி மண்ணைக் குளிர்விக்கிறது. மார்கழி, தை மாதங்களில் பகல் வெப்பம் 30 பாகை செல்சியசை ஒட்டியும், இரவு வெப்பம் 20 பாகையை ஒட்டியும் அமைகிறது. மாசியில் வெப்பம் மீண்டும் உயரத் தொடங்குகிறது.

வகைகளும் வெப்பநிலையும்

பூக்கோசு வகைகள் பூக்கட்டுவதற்குத் தேவைப்படும் வெப்பநிலையைக் கொண்டு நான்கு பிரிவுகளாகப் பிரிக்கப்படுகின்றன.

முன்பருவ வகைகள்: 20 முதல் 27 பாகை செல்சியசு வெப்பத்தில் பூக்கட்டும். பூசா தீபாளி, பூசா கட்கி, பூசா மேக்னா ஆகியன இப்பிரிவின.

இடை முன்பருவ வகைகள்: 16 முதல் 20 பாகையில் பூக்கட்டும். பூசா சரத், இம்ப்ரூவ்டு சப்பானீசு ஆகியன இப்பிரிவின.

இடைப் பின்பருவ வகைகள்: 12 முதல் 16 பாகையில் பூக்கட்டும். பந்த் சுப்ரா இப்பிரிவைச் சேர்ந்தது.

பின்பருவ வகைகள்: 10 முதல் 16 பாகையில் பூக்கட்டும். பனிப்பந்து எனப் பொருள்படும் சுனோபால் வகைகள் இப்பிரிவின.

கம்பம் பள்ளத்தாக்கில் மார்கழி இரவுகளிலும் வெப்பம் பின்பருவ வகைகளுக்குத் தேவையான அளவிற்கு இறங்குவதில்லை. எனவே சுனோபால் வகைகளை இங்கு நட்டால் செடி இலையாகவே வளர்ந்து நிற்கும். முதற்பிரிவைச் சேர்ந்த வகைகளும், வெப்பத்தைத் தாங்கும் வீரிய ஒட்டு வகைகளுமே இங்கு பயன் தருகின்றன. மாறாக, இம்முன்பருவ வகைகளைக் குளிர் மிகுந்த இடத்தில் காலந்தாழ்த்தி நட்டால், செடி போதிய இலை விடுவதற்கு முன்பே பொத்தான் அளவில் பூக்கட்டி நின்றுவிடும்.

பூவின் அளவைத் தீர்மானிப்பது பூக்கட்டும் முன் செடி விட்ட இலைகளின் பரப்பே ஆகும். ஆகவே முதல் 40 நாட்களில் செடிக்கு எவ்விதத் தடையும் நேராமல் காப்பது விளைச்சலுக்கு அடிப்படையாகும்.

விதை வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

ஒட்டு வகை விதையை உழவர் தாமே எடுத்துப் பயன்படுத்த இயலாது. ஆண்டுதோறும் விலைகொடுத்தே வாங்க வேண்டும். பொட்டலத்திலுள்ள பெயரைத் தவிர உள்ளிருக்கும் விதை எப்பருவத்திற்கு உரியது என்பதைக் கண்ணால் அறிய முடியாது. தவறான விதை என்பது இரண்டு மாதங்கள் கழித்துப் பூக்கட்டாதபோதே தெரியவரும். அதற்குள் நிலம், உரம், கூலி ஆகிய அனைத்தும் செலவாகியிருக்கும்.

இந்திய விதைச் சட்டம், 1966இன்படி பொட்டலத்தின் விவரச் சீட்டில் வகையின் பெயர், குவியல் எண், சோதனை நாள், முளைப்புத்திறன் ஆகியவை இருத்தல் வேண்டும். பூக்கோசு விதைக்குக் குறைந்த அளவு முளைப்புத்திறன் 65 விழுக்காடாகும். விதைத்த பின்னும் விற்பனைச் சீட்டையும் வெற்றுப் பொட்டலத்தையும் அறுவடை முடியும்வரை பாதுகாத்து வைப்பது நல்லது. குறைபாடு தோன்றினால் விதை ஆய்வாளரிடமும் தோட்டக்கலைத் துறையிடமும் எழுத்து மூலம் தெரிவித்து, செடிகள் வயலில் நிற்கும்போதே பார்வையிடச் செய்தல் வேண்டும். செடிகளை அழித்தபின் சான்று இல்லாமற் போகும். விதை வாங்கும் உழவரும் நுகர்வோரே என்றும், அவர் நுகர்வோர் மன்றத்தை அணுகி இழப்பீடு கோரலாம் என்றும் இந்திய உச்ச நீதிமன்றம் 2012ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது.

நாற்றங்கால்

பூக்கோசு நாற்று விட்டு நடும் பயிராகும். ஒரு கிராமில் ஏறத்தாழ 300 விதைகள் இருக்கும். பொதுவகை விதையாயின் எக்டேருக்கு 375 முதல் 500 கிராம் வரை தேவைப்படும். விலை மிகுந்த ஒட்டு விதைகள் 98 குழிகள் கொண்ட குழித்தட்டுகளில், மக்கிய தென்னை நார்க்கழிவை நிரப்பி, குழிக்கு ஒன்றாக ஊன்றப்படுகின்றன. நிழல்வலைக் குடிலில் பூச்சி புகாதவாறு வளர்க்கப்படும் இந்நாற்றுகள் 25 முதல் 30 நாட்களில் நடவுக்கு வரும். வேர்மண் சிதையாமல் எடுக்க முடிவதால் நட்டபின் வாடுவது குறைகிறது. அண்டை மாவட்டமான திண்டுக்கல்லின் ரெட்டியார்சத்திரத்தில் உள்ள இந்திய இசுரேல் கூட்டுத்திட்டக் காய்கறி மகத்துவ மையத்தில் காய்கறி நாற்றுகள் குழித்தட்டுகளில் வளர்த்து வழங்கப்படுகின்றன. தனியார் நாற்றுப் பண்ணைகளும் உள்ளன.

மேட்டுப்பாத்தியில் விதைப்போர் பாத்தியை ஒரு மீட்டர் அகலத்தில் அமைத்து, விதைகளை நெருக்கமின்றி வரிசையாக விதைப்பர். நெருக்கமும் மிகை ஈரமும் நாற்றழுகல் நோய்க்கு வழிவகுக்கும். விதையை டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையுடன் கலந்து விதைப்பது இந்நோயைக் குறைக்கும். 35 நாட்களைக் கடந்த முற்றிய நாற்றை நட்டால் சிறுபூவே கிடைக்கும். மழையால் நடவு தள்ளிப்போனால் பழைய நாற்றை நடுவதைவிடப் புதிய நாற்றை வாங்குவது இழப்பைக் குறைக்கும்.

நடவுத் தவணைகள்

முதல் தவணை: ஆவணியில் விதைத்து, புரட்டாசியில் நட்டு, ஐப்பசி இறுதியிலும் கார்த்திகையிலும் அறுவடை செய்வது. முன்பருவ வகைகளுக்கு மட்டும் உரியது.

இரண்டாம் தவணை: புரட்டாசியில் விதைத்து, ஐப்பசியில் நட்டு, மார்கழி, தை மாதங்களில் அறுவடை செய்வது. பூ திரண்டும் வெண்மையாகவும் அமையும்.

மூன்றாம் தவணை: ஐப்பசியில் விதைத்து, கார்த்திகையில் நட்டு, தை இறுதியிலும் மாசியிலும் அறுவடை செய்வது. அறுவடை பிந்தினால் வெயிலால் பூ மஞ்சளாகும்.

பயிரிடும் முறை

நிலத்தை மூன்று, நான்கு முறை உழுது, கடைசி உழவில் எக்டேருக்கு 20 முதல் 25 டன் மக்கிய தொழுவுரம் இடப்படுகிறது. மழைநீர் வடிவதற்காகப் பார் அமைத்து, பாரின் பக்கவாட்டில் நாற்று நடப்படுகிறது. வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டரும் செடிக்குச் செடி 45 சென்டிமீட்டரும் விட்டால் ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 15,000 செடிகள் அமையும். இடைவெளியை 45 சென்டிமீட்டராகக் குறைத்தால் 20,000 செடிகள் வரை நடலாம். ஆனால் பூவின் அளவு சிறுக்கும்.

உரத்தின் அளவை மண் ஆய்வின்படி முடிவு செய்ய வேண்டும். மணிச்சத்தை அடியுரமாகவும், தழைச்சத்தையும் சாம்பல்சத்தையும் பிரித்து மேலுரமாகவும் இடுவது வழக்கம். சொட்டுநீர்ப் பாசனம் உள்ள தோட்டங்களில் நீரில் கரையும் உரங்கள் நீரோடு செலுத்தப்படுகின்றன. பூக்கட்டிய பின் தழைச்சத்து மிகுந்தால் தண்டின் உட்பகுதி பொள்ளலாகிவிடும்.

நட்ட மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீரும், பின்னர் மண்ணின் ஈரத்தைப் பொறுத்து வாரம் ஒருமுறையும் பாய்ச்சப்படுகிறது. பூக்கோசின் வேர்கள் ஆழமாகச் செல்வதில்லை. எனவே களை கொத்தும்போது மேலோட்டமாகக் கொத்தி, ஒரு மாதம் ஆனதும் மண் அணைக்க வேண்டும். பூக்கட்டும் காலத்தில் நிலம் காய்ந்தாலும், நீர் தேங்கினாலும் பூ சிறுத்துவிடும்.

வெயில் படும் பூ மஞ்சளாகிச் சந்தை மதிப்பை இழக்கும். இதனைத் தவிர்க்கப் பூ சிறு எலுமிச்சை அளவைத் தாண்டியதும் வெளியிலைகளைக் கூட்டிப் பூவின் மேல் கட்டிவிடுவர் அல்லது ஓர் இலையை நரம்போடு முறித்து மேலே கவிழ்ப்பர். இலைகள் தாமே மூடிக்கொள்ளும் ஒட்டு வகைகளுக்கு இவ்வேலை தேவையில்லை. மழை நாட்களில் கட்டிய இலைக்குள் நீர் தங்கிப் பூ அழுகக்கூடும் என்பதால் அடிக்கடி பிரித்துப் பார்த்தல் வேண்டும்.

சத்துக் குறைபாடுகளும் பூவின் கோளாறுகளும்

போரான் குறைபாடு: பூவில் நீர்கோத்த புள்ளிகள் தோன்றிப் பழுப்பாகும், தண்டு உள்ளே பொள்ளலாகிக் கருக்கும். எக்டேருக்கு 10 முதல் 15 கிலோகிராம் போராக்சை மண்ணில் இடுவது இதற்குத் தீர்வாகும்.

மாலிப்டினம் குறைபாடு: இலைப்பரப்பு வளராமல் நடுநரம்பு மட்டும் சாட்டையைப் போல நீளும். புளிப்பு மண்ணில் மிகுதியாகத் தோன்றும். சுண்ணாம்பு இட்டு மண்ணின் புளிப்பைக் குறைத்தாலே பெரும்பாலும் சரியாகும்.

பொத்தான் பூ: முற்றிய நாற்று, தழைச்சத்துக் குறைவு, பருவத்திற்குப் பொருந்தாத வகை ஆகியவற்றால் உண்டாகும்.

அரிசிப் பூ: பூவின் மேற்பரப்பு வழவழப்பை இழந்து அரிசி தூவியது போலாகும். பூக்கட்டும்போது திடீரென வெப்பம் மாறுவதாலும், அறுவடை தாமதமாவதாலும் ஏற்படும்.

குருட்டுச் செடி: நடுக்குருத்து இல்லாமல் தடித்த கரும்பச்சை இலைகளோடு நிற்கும். நாற்றில் குருத்தைப் புழு தின்பதாலும், கையாளும்போது சேதமடைவதாலும் இது நேரும். இத்தகைய நாற்றுகளை நடவின்போதே கழித்துவிட வேண்டும்.

பூச்சிகளும் நோய்களும்

பூக்கோசின் முதன்மை எதிரி வைரமுதுகு அந்துப்பூச்சி ஆகும். இறக்கைகளை மடக்கி அமரும்போது முதுகில் வைர வடிவங்கள் தெரிவதால் இப்பெயர் பெற்றது. இதன் சிறிய பச்சைப் புழுக்கள் இலையின் அடிப்பரப்பைச் சுரண்டித் தின்று, சல்லடை போல ஆக்குகின்றன. இந்தியாவில் இது 1914ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பதிவு செய்யப்பட்டது. வெப்பமான இடங்களில் இதன் தலைமுறை மூன்று வாரங்களுக்குள்ளேயே நிறைவுறுகிறது. எனவே ஒரு பருவத்திலேயே பல தலைமுறைகள் தோன்றி, மருந்துகளுக்கு எதிர்ப்பாற்றலைப் பெறுகின்றன. 1950களின் தொடக்கத்திலேயே இந்தோனேசியாவில் இப்பூச்சி டி.டி.டி.க்கு எதிர்ப்பாற்றல் பெற்றது கண்டறியப்பட்டது. பின்னர் பேசில்லசு துரிஞ்சியென்சிசு என்ற பாக்டீரிய மருந்துக்கும் வயல்வெளியில் எதிர்ப்பாற்றல் பெற்ற முதல் பூச்சி இதுவே ஆனது.

ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பத் தெளிப்பது பயனற்றது என்பதே இதிலிருந்து பெறப்படும் பாடமாகும். கீழ்க்காணும் முறைகளை இணைத்துக் கையாளுவது பரிந்துரைக்கப்படுகிறது.

- 25 வரிசைக்கு இரண்டு வரிசை வீதம் கடுகைக் கவர்ச்சிப் பயிராக விதைத்தல். தாய் அந்துப்பூச்சிகள் கடுகில் முட்டையிட விரும்புவதால் அங்கேயே அவற்றை அழிக்கலாம். பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் இம்முறையைக் கோசுப் பயிருக்குப் பரிந்துரைத்தது.
- எக்டேருக்கு 12 இனக்கவர்ச்சிப் பொறிகள் வைத்தல்.
- 5 விழுக்காடு வேப்பங்கொட்டைச் சாறு தெளித்தல். 5 கிலோகிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, நீரில் ஓரிரவு ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டராக்கி, சிறிது காதிசோப்பு கலந்து மாலையில் தெளிக்க வேண்டும்.
- அறுவடை முடிந்ததும் கட்டைகளைப் பிடுங்கி மக்கச் செய்தல். நிலத்தில் விடப்படும் கட்டைகளிலேயே அடுத்த பயிருக்கான பூச்சிகள் பெருகுகின்றன.

புரோடீனியா புழு, அசுவினி, வெட்டுப்புழு ஆகியவையும் சேதம் விளைவிக்கும். நோய்களில் கருப்பழுகல் முதன்மையானது. இது சாந்தோமோனசு கம்பெசுட்ரிசு என்ற பாக்டீரியாவால் உண்டாகிறது. இலை விளிம்பிலிருந்து நடுநரம்பை நோக்கி ஆங்கில 'வி' எழுத்து வடிவில் மஞ்சள் நிறம் பரவி, நரம்புகள் கருக்கும். இது விதை வழியாகவும் பரவுவதால், விதையை 50 பாகை செல்சியசு வெந்நீரில் 30 நிமிடம் வைத்து உலர்த்தி விதைப்பது முன்காப்பாகும். ஒரே நிலத்தில் தொடர்ந்து பூக்கோசு, முட்டைக்கோசு, முள்ளங்கி, நூல்கோல் ஆகியவற்றைப் பயிரிடாமல் வெங்காயம், மக்காச்சோளம், பயறு வகைகள் ஆகியவற்றுடன் மாற்றிப் பயிரிட வேண்டும்.

நச்சு எச்சம்

பூக்கோசின் உண்ணும் பகுதி திறந்த மேற்பரப்பும் நெருங்கிய இடுக்குகளும் கொண்டது. தெளிக்கும் மருந்து அந்த இடுக்குகளில் தங்கிவிடும். எனவே பூக்கட்டிய பின் தெளிப்பது உண்போருக்கு நேரடித் தீங்காகும். அறுவடைக்கு முன் விட வேண்டிய காத்திருப்பு நாட்கள் மருந்துக் கலத்தின் மேல் குறிக்கப்பட்டிருக்கும். அதனைக் கடைப்பிடிப்பது கட்டாயமாகும். மோனோகுரோட்டோபாசு மருந்தைக் காய்கறிகளில் பயன்படுத்த இந்திய அரசு 2005ஆம் ஆண்டில் தடைவிதித்தது. எண்டோசல்பானுக்கு உச்ச நீதிமன்றம் 2011ஆம் ஆண்டில் தடைவிதித்தது.

தேனி மாவட்டக் காய்கறிகளுக்குக் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகக் கேரளம் ஒரு முதன்மைச் சந்தையாகும். 2015ஆம் ஆண்டில் தமிழ்நாட்டிலிருந்து வரும் காய்கறிகளில் நச்சு எச்சம் மிகுந்துள்ளதாகக் கூறிக் கேரள அரசு சோதனைகளைக் கடுமையாக்கியது. மருந்துத் தெளிப்பைக் குறைப்பது உண்பவரின் நலத்தோடு, தெளிக்கும் தொழிலாளரின் உடல்நலத்தையும் பள்ளத்தாக்கின் சந்தையையும் காப்பதாகும்.

அறுவடையும் சந்தையும்

முன்பருவ வகைகள் நட்ட 55 முதல் 70 நாட்களில் அறுவடைக்கு வரும். பூ இறுகி, வெண்மையாக, இடைவெளி விடாமல் இருக்கும்போதே வெட்ட வேண்டும். விடியற்காலையில் வெட்டி, பூவைச் சுற்றிச் சில இலைகளை விட்டு வைப்பது வழக்கம். இலைகள் பூவைக் கசங்காமல் காக்கின்றன. சமவெளியில் எக்டேருக்கு 15 முதல் 20 டன் வரை விளைச்சல் கிடைக்கும்.

ஒரே நாளில் நட்ட பூக்கள் இரண்டு வாரங்களுக்குள் அனைத்தும் முதிர்ந்துவிடும். வெட்டாமல் விட்டால் அரிசிப் பூவாகும். வெட்டினால் சாதாரண வெப்பத்தில் இரண்டு, மூன்று நாட்களே தாங்கும். 0 பாகை செல்சியசில் ஈரப்பதம் மிகுந்த குளிர்கிடங்கில் மட்டுமே மூன்று வாரங்கள் வைக்கலாம். எனவே விலை வீழ்ந்தாலும் உழவரால் காத்திருக்க இயலாது. பூவின் விலை வெட்டுக்கூலியையும் வண்டி வாடகையையும் விடக் குறையும்போது, விளைந்த பூவை மாட்டுக்கு விட்டு நிலத்தை உழுதுவிடுவதும் உண்டு.

இதனைத் தவிர்க்க ஒரே நாளில் முழு நிலத்தையும் நடாமல், பத்து நாள் இடைவெளியில் மூன்று பகுதிகளாக நடுவது சிறந்த முறையாகும். ஓர் ஏக்கரை இவ்வாறு பிரித்தால் ஒவ்வொரு தவணையிலும் ஏறத்தாழ 5,000 பூக்களே வெட்டுக்கு வரும். 1999ஆம் ஆண்டில் மதுரையில் தொடங்கப்பட்ட உழவர் சந்தைத் திட்டத்தின் கீழ்த் தேனி, கம்பம் ஆகிய ஊர்களிலும் உழவர் சந்தைகள் உள்ளன. தரகு மண்டியில் எடுபடாத சிறுபூக்களை இங்கு எண்ணிக்கைக் கணக்கில் நேரடியாக விற்கலாம்.

வீட்டுத்தோட்டத்தில் வளர்த்தல்

பள்ளத்தாக்கின் ஊர்களில் வீட்டுக் கொல்லையிலும் மாடியிலும் பூக்கோசு வளர்க்கலாம். செடிக்கு ஒரு பை வீதம், 30 சென்டிமீட்டர் ஆழமும் அகலமும் கொண்ட பையில் செம்மண், தொழுவுரம், நார்க்கழிவு ஆகியவற்றைச் சம அளவில் கலந்து நிரப்ப வேண்டும். புரட்டாசி இறுதியில் நட்டால் மார்கழியில் பூ கிடைக்கும். நாள்தோறும் குறைந்தது ஆறு மணி நேரம் வெயில் தேவை. பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை மண்புழு உரமோ ஊறவைத்த கடலைப் புண்ணாக்குக் கரைசலோ இடலாம். சில செடிகளே இருப்பதால் இலையின் அடியில் காணும் முட்டைகளையும் புழுக்களையும் கையால் நசுக்கிவிடலாம். ஒரு செடி ஒரு பூவையே தரும் என்பதால் வாரத்திற்கு இரண்டு செடி வீதம் நடுவது குடும்பத் தேவைக்குப் பொருந்தும்.

உணவுப் பயன்பாடு

100 கிராம் பச்சைப் பூக்கோசில் ஏறத்தாழ 92 கிராம் நீரும், 25 கிலோகலோரி ஆற்றலும், 2 கிராம் நார்ப்பொருளும், 48 மில்லிகிராம் உயிர்ச்சத்து சியும் உள்ளன. நெடுநேரம் வேகவைத்தால் உயிர்ச்சத்து சி பெரிதும் அழியும். சமைப்பதற்கு முன் பூவைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, உப்பும் மஞ்சளும் கலந்த வெந்நீரில் சில நிமிடங்கள் இட்டு எடுப்பது தமிழ்நாட்டு வீடுகளில் வழக்கமாகும். இதனால் இடுக்கில் உள்ள புழுக்கள் வெளியேறும்; மேற்பரப்பில் உள்ள மருந்தும் ஓரளவு நீங்கும்.

குழம்பு, பொரியல், குருமா ஆகியவற்றிலும், மாவில் தோய்த்துப் பொரிக்கும் சில்லி காலிஃபிளவர், கோபி மஞ்சூரியன் ஆகிய கடைப் பண்டங்களிலும் இது பயன்படுகிறது. இப்பண்டங்களுக்குச் சிவப்பு நிறமூட்ட ரோடமைன்-பி என்ற துணிச்சாயம் கலக்கப்படுவது கண்டறியப்பட்டதை அடுத்து, கருநாடக அரசு 2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறமிகளைச் சேர்ப்பதற்குத் தடைவிதித்தது. பூக்கோசின் இயல்பான நிறம் வெண்மையும் இளமஞ்சளும் ஆகும். மழையிலும் வெயிலிலும் பட்டு இலேசாக மஞ்சளான பூ உண்ணத் தகுந்ததே. அதன் சத்து குறைவதில்லை.